சொட்டும் துகளும்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்த எவருக்கும் 'ஒளிமின் விளைவு' என்ற தொடர் தெரியும். அந்தப் பெயர் கண்டதைச் சொல்லி, அத்தோடு நின்றுவிடுகிறது. ஒளி பட்டது, மின் வெளிப்பட்டது, அவ்வளவுதான். 1887-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் மின்பொறிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், புற ஊதா ஒளி பட்டால் பொறி எளிதாகத் தாவுவதைக் கண்டபோது எலக்ட்ரான் என்ற பொருளே அறியப்பட்டிருக்கவில்லை. விளக்கம் பின்னால் எத்தனை முறை மாறினாலும் இத்தகைய பெயர் பொய்யாகாது. அதே பாடத்தில் ஃபோட்டானுக்கு விளக்கமாக வந்து உட்காரும் 'ஒளித்துகள்' வேறு வகைச் சொல். ஒளி என்ன செய்தது என்று சொல்வதை விட்டு, ஒளி என்னவாக இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. ஒளிமின் விளைவு மட்டுமே சான்றாக இருக்கும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து.

சான்று எதுவரை போகிறது என்று பார்ப்போம். 1902-இல் இயற்பியலாளர் லெனார்ட் கண்டது இது: ஒளியின் செறிவைக் கூட்டினால் வெளியேறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடுகிறது, அவற்றின் பெரும ஆற்றல் கூடுவதில்லை. ஆற்றலை முடிவு செய்வது ஒளியின் நிறம். துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 4.3 எலக்ட்ரான் வோல்ட். சிவப்பு ஒளியின் ஒரு பங்கில் 2 எலக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. எவ்வளவு சிவப்பு ஒளியைக் கொட்டினாலும் சாதாரண விளக்கொளியில் துத்தநாகம் எலக்ட்ரானை விடாது. மெல்லிய புற ஊதாக் கீற்று பட்டால் விட்டுவிடும். ஆகவே ஒளி உலோகத்துக்கு ஆற்றலைத் தரும்போது, அதிர்வெண்ணுக்கு ஏற்ற பங்கு பங்காகத் தருகிறது. இங்கேதான் ஈழத்துக் கலைச்சொல் ஒன்று எனக்கு வியப்பூட்டுகிறது. நாம் 'குவாண்டம்' என்று எழுதிய இடத்தில் இலங்கைப் பாடநூலார் 'சத்திச்சொட்டு' என்று எழுதினார்கள். குவாண்டம் எண் அங்கே சத்திச்சொட்டெண். குழாயிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது என்பதால் தொட்டிக்குள் நீர் சொட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. சொட்டு விழும் கணத்துக்கு உரியது. ஒளிமின் விளைவு மெய்ப்பிப்பதும் அந்தக் கணத்தைத்தான். 'சத்தி' இன்று நமக்குப் பழகாத வழக்காக இருக்கலாம், ஆனால் 'சொட்டு' என்ற தேர்வில் இருக்கும் நுட்பத்தை நாம் எடுத்துக்கொள்ளத் தவறிவிட்டோம்.

ஐன்ஸ்டைன் 1905-இல் இதைவிடக் கூடுதலாகச் சொன்னார் என்பது உண்மை. ஒளியே பிரிக்க முடியாத குவாண்டங்களாக வெளியில் பரவுகிறது என்றார். ஆனால் அந்த முடிவுக்கு அவர் வந்த வழி கதிர்வீச்சின் என்ட்ரோபி பற்றிய கணக்கு. ஒளிமின் விளைவோ அவருடைய கட்டுரையின் கடைசிப் பகுதிகளில் வரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. பத்தாண்டுகளுக்குப் பின் மில்லிகன் அவருடைய சமன்பாட்டை மிகக் கவனமாக அளந்து சரிபார்த்தார், பிளாங்க் மாறிலியையே அதிலிருந்து எடுத்தார். இருந்தும் 1916-இல் குவாண்டக் கருதுகோளை அவர் ஏற்கவில்லை. 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசுக் குறிப்பும் ஒளிமின் விளைவின் விதியைத்தான் பெயர் சொல்லிப் பாராட்டியது, ஒளிக்குவாண்டத்தை விட்டுவிட்டது. 'ஃபோட்டான்' என்ற சொல்லின் கதையோ இன்னும் வளைந்தது. 1916-இல் ட்ரோலண்ட் அதை விழித்திரையில் விழும் வெளிச்சத்தின் அலகாகப் பயன்படுத்தினார். 1926-இல் வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் அதே சொல்லைக் கையாண்டபோது, ஆக்கவும் அழிக்கவும் முடியாத, எண்ணிக்கை மாறாத ஒரு பொருளைக் குறித்தார். அந்தக் கோட்பாடு நிற்கவில்லை. விளக்கைப் போட்டால் ஃபோட்டான்கள் பிறக்கின்றன, சுவரில் பட்டு மறைகின்றன. சொல் மட்டும் பிழைத்து ஐன்ஸ்டைனின் குவாண்டத்தின் மேல் ஏறிக்கொண்டது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1924-இல், டாக்காவிலிருந்த சத்தியேந்திரநாத் போஸ், குவாண்டங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாதவையாக எண்ணும் கணக்கிலிருந்து கதிர்வீச்சுக்கான பிளாங்க் விதியை வருவித்திருந்தார். 'துகள்' நம் மொழியில் தூசி. துகளறு போதம் என்ற நூற்பெயரில் அது குற்றத்தையும் குறிக்கும். எப்பொருளில் கொண்டாலும் தனித்தனியாகக் கிடக்கும் சிறு பொருள் என்ற எண்ணமே அதனோடு வருகிறது. போஸின் கணக்கு விலக்கச் சொன்னது அந்த எண்ணத்தைத்தான்.

குவாண்டம் இல்லாமல் ஒளிமின் விளைவை விளக்கவே முடியாதே என்று ஆசிரியர்கள் மறுக்கலாம். பாடநூல் அப்படித்தான் சொல்லித்தருகிறது. ஆனால் 1969-இல் இயற்பியலாளர்கள் லாம்பும் ஸ்கல்லியும் ஒளியைப் பழைய அலையாகவே விட்டுவிட்டு, அணுவை மட்டும் குவாண்டம் விதிப்படி நடத்தி, ஐன்ஸ்டைன் சமன்பாட்டையும் பயன்தொடக்க அதிர்வெண்ணையும் வருவித்தார்கள். அந்த வழியில் குறை உண்டு. மிக மங்கலான ஒளியில், போதிய ஆற்றல் வந்து சேருமுன்பே ஓர் எலக்ட்ரான் வெளியேறக்கூடும் என்று அது அனுமதிக்கிறது. அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிற்கிறது. அந்தக் குறையை நான் சிறிதாக்கவில்லை. எனினும் சமன்பாடு சரியாக வருவது மட்டுமே ஒளி துகள் என்பதற்குச் சான்றாகாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அப்படியானால் எது சான்று? இந்தக் கேள்விக்கு அளவுகோல் தந்தவர்களில் ஒருவர் தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் அடையாற்றை ஒட்டிய தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன். 1963-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் இருந்தபோது, எந்த ஒளிக்கற்றையையும் சீரான அலைநிலைகளின் கலவையாக எழுதலாம் என்று அவர் காட்டினார். கிளாபர் பெயரும் சேர்ந்தே அது இன்று வழங்குகிறது. அந்தக் கலவையின் எடைகள் உண்மையான நிகழ்தகவுகளாக இருந்தால் அலைக்கணக்கே போதும். எடை எதிர்க்குறியாகப் போனால் அலைக்கணக்கு தோற்கும். 1977-இல் அதே ரோசெஸ்டரில் கிம்பிளும் டாகனாயும் மண்டெலும் சோடியம் அணுக்கள் உமிழ்ந்த ஒளியை ஆராய்ந்து, ஒரு ஃபோட்டான் பதிவானவுடனேயே இன்னொன்று பதிவாகும் வாய்ப்பு குறைவதைக் கண்டார்கள். எந்தப் பழைய அலையும் இப்படி நடக்காது. ஃபோட்டான் என்ற சொல் முழு உரிமை பெற்றது அங்கேதான்.

பாடநூலின் இன்னொரு சொல்லைப் பாராட்டியாக வேண்டும். 'இருமை' பழைய சொல். குறளின் நீத்தார் பெருமையில் வரும் இருமைக்குப் பரிமேலழகர் பிறப்பு, வீடு என்று பொருள் கொள்கிறார், ஒன்று மற்றொன்றாகாத இரண்டு. பாடநூலார் அதனோடு 'பண்பு' சேர்த்து இருமைப்பண்பு என்றார்கள். இரண்டு பொருள்கள் என்ற எண்ணம் அகன்று, ஒரே பொருள் இரண்டு விதமாக நடந்துகொள்வது முன்னுக்கு வந்தது. 1960 ஜனவரியில் மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டில் நடத்திய கருத்தரங்குக்கு வந்த நீல்ஸ் போர், தம் நிரப்புக் கொள்கையில் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியதும் ஏறக்குறைய இதுவே: எந்தக் கருவியை வைத்துக் கேட்கிறோமோ அதற்கேற்ற விடை.

பதினேழு வயது மாணவருக்கு 1963-உம் 1977-உம் எதற்கு, துகள் என்று சொன்னால் எளிதாகப் புரியுமே என்பார்கள். எளிமை வேண்டும், மறுக்கவில்லை. 'ஒளி தன் ஆற்றலைச் சொட்டுகளாகத் தருகிறது' என்பதும் எளிய தமிழ்தான். அதைக் கற்றவர் கல்லூரியில் போய் எதையும் மறக்க வேண்டியதில்லை. கடன் சொல் கூடாது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஃபோட்டானை ஃபோட்டானாகவே வைத்துக்கொள்வோம், அதன் பொருள் ஆங்கிலத்திலேயே நூறாண்டாக மாறிக்கொண்டிருக்கிறது. தமிழாக்கம் வேண்டிய இடம் பாடத்தின் முதல் பக்கம், அங்கே சொட்டு வரட்டும்.