காபூல் கருவூலமும் குடிகளின் அடுப்பும்

1883-ஆம் ஆண்டில், இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு ஆப்கானிஸ்தானத்து அமீர் அப்துர் ரகுமானுக்கு ஆண்டொன்றுக்கு 12 இலட்சம் ரூபாய் உதவித்தொகை வழங்க இசைந்தது. டூரண்டு எல்லைக்கோடு பற்றிய உடன்படிக்கை ஏற்பட்ட 1893-இல் அத்தொகை 18 இலட்சமாக உயர்ந்தது. ரஷ்யப் பேரரசு தெற்கே இறங்காதபடி அந்நாடு மதிலாக நிற்கவேண்டும் என்பதே கொடுத்தவர் கருத்து. பெற்றவரோ அப்பணத்தைக் கொண்டும் அதனோடு வந்த படைக்கலங்களைக் கொண்டும் உள்நாட்டுக் குலத்தலைவர்களை ஒருவர்பின் ஒருவராக அடக்கினார். அயலார் பொருளால் அரசு நடத்தும் வழக்கம் காபூலுக்கு நேற்று வந்ததன்று.

1919-இல் அமானுல்லா முழு விடுதலை பெற்றபோது அவ்வுதவித்தொகை நின்றது. ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வேறு கைகள் நீண்டன. கரகுல் ஆட்டுத்தோல் விற்றுச் சேர்த்த டாலரைக்கொண்டு 1946-இல் ஹெல்மந்து ஆற்றுத் திட்டத்தைத் தொடங்கிய அரசு, சில ஆண்டுகளிலேயே அமெரிக்கக் கடனை நாடியது. 1953-இல் கஜகி அணை எழுந்தது. எனினும் வடிகால் போதாமையால் பாய்ச்சிய நிலங்கள் பலவற்றில் நீர் தேங்கி உப்புப் பூத்தது. வடக்கே சோவியத்து நாட்டார் மலையைக் குடைந்து 1964-இல் சலாங் சுரங்கப் பாதையைத் திறந்தனர். இரு வல்லரசுகளும் போட்டியிட்டுக் கொடுத்த அக்காலத்தில் அரசின் செலவில் ஐந்தில் இரண்டு பங்கிற்குமேல் வெளியிலிருந்தே வந்தது. நிலவரியும் கால்நடை வரியும் வருவாயில் மிகச் சிறு கூறாகத் தேய்ந்தன. உழவனுக்கு இது நன்மைபோலத் தோன்றலாம். ஆனால், அவனிடம் இறை கேட்கவேண்டாத அரசுக்கு அவன் குறை கேட்கவேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று. 1971, 1972-ஆம் ஆண்டுகளின் வறட்சியில் கோர் மாநிலத்து மலையூர்களில் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். மறு ஆண்டே மன்னர் சாகிர் ஷா அரியணை இழந்தார்.

பின்வந்த போர்களை விரிப்பின் பெருகும். 2001-இன் இறுதியில் தாலிபான் ஆட்சி வீழ்ந்ததும், 2002 ஜனவரியில் தோக்கியோவில் கூடிய நாடுகள் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. பின்னர் வந்ததை நோக்க அது சிறு தொகையே. 2003 முதல் 2012 வரை நாட்டின் மொத்த வருமானம் ஆண்டுக்குச் சராசரி நூற்றுக்கு 9 வீதம் வளர்ந்தது. கணக்கேட்டில் இதைக் காண்பவர் வியப்பர். வீட்டுக் கணக்கோ வேறு கூறியது. நாளொன்றுக்கு 2,100 கலோரி உணவும் பிற அடிப்படைத் தேவைகளும் பெற இயலாதவரை வறியவர் எனக் கொண்டு குடும்பங்களை ஆராய்ந்தபோது, 2007-08-இல் நூற்றுக்கு 34 பேரும், 2011-12-இல் 38 பேரும் அந்நிலையில் இருந்தனர். அயல்நாட்டுப் படைகளிற் பெரும்பகுதி வெளியேறி வளர்ச்சி 2, 3 வீதமாகச் சுருங்கிய பின்னர், 2016-17-இல் அவர்தொகை 55 ஆயிற்று.

வளர்ந்த செல்வம் எங்கே சென்றது? காவற்பணி, கட்டடம், படைகளுக்குச் சரக்கேற்றும் லாரித் தொழில், காபூல் நகரின் வீட்டு வாடகை ஆகியவற்றில் பணம் புரண்டது. பெரும்பகுதி இறக்குமதியாகிய பொருள்களுக்கு விலையாக வந்தவழியே திரும்பியது. உழைப்போரில் பத்தில் நால்வருக்கு வேளாண்மையே பிழைப்பு. அதுவோ பனியையும் மழையையும் நம்பியிருந்தது. பனி பொய்த்த ஆண்டில் கோதுமை பொய்த்தது. குளிர்காலத்தில் மாவு வாங்கக் காசில்லாத உழவன், விளையப்போகும் அபினியை முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்றுக் கடன் வாங்கினான். 'சலாம்' என்பது அக்கடனின் பெயர். வங்கி எட்டாத ஊருக்கு அபினிச் செடியே வங்கியாக இருந்தது. அதை வெட்டி எறிய வந்தவர்கள் பயிரைக் கண்டனர். அதன் வேரிலிருந்த கடனைக் கண்டாரில்லை.

வேறொரு கோணலும் உண்டு. உதவிப் பொருள் வறுமை மிகுந்த இடத்தை நாடாமல் போர் மிகுந்த இடத்தை நாடியது. ஹெல்மந்து, காந்தகார் முதலிய தென்புலங்களில் பணம் குவிந்தது. அமைதியாயிருந்த வடகிழக்கும், கோர், பாமியான் போன்ற நடுமலை நாடும் பின்தங்கின. அரை நூற்றாண்டின் முன் பஞ்சத்தில் வாடிய அதே கோர் மாநிலத்தை இப்பட்டியலில் காண்பது வருந்தத்தக்கது.

யாவும் வீண் என்று கூறுவது நேர்மையாகாது. 2001-இல் பள்ளியிற் படித்தோர் பத்து இலட்சத்திற்கும் குறைவு. பெண்கள் இல்லையென்றே கூறலாம். சில ஆண்டுகளிற் பல இலட்சம் சிறுமியர் வகுப்பறைக்கு வந்தனர். உதவி நாடுகள் உலக வங்கியின் வழியாக நடத்திய மறுசீரமைப்பு நிதியே ஆசிரியர்களின் சம்பளத்தில் பெரும்பங்கைத் தாங்கியது. அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் மாதந்தோறும் வீட்டுக்குக் கொண்டுசென்ற கோதுமை மாவு மூட்டை, அயல்நாட்டு மன்றங்களில் ஆண்டுதோறும் எழுந்த வாக்கெடுப்பைச் சார்ந்திருந்தது.

2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் காபூலைக் கைக்கொண்டபோது அக்கயிறு அறுந்தது. அதுவரை அரசுச் செலவில் நான்கில் மூன்று பங்கு அயலார் நன்கொடையாயிருந்தது, அது நின்றது. நடுவண் வங்கியின் 900 கோடி டாலர் இருப்பும் முடக்கப்பட்டது; அதில் 700 கோடி அமெரிக்காவில் இருந்தது. அவ்வாண்டில் நாட்டு வருமானம் ஐந்தில் ஒரு பங்கு வீழ்ந்தது. ஏற்றத்தின்போது பங்கு பெறாத வீடுகளுக்கும் இறக்கத்தில் முழுப்பங்கு கிடைத்தது. அபினிப் பயிரும் 2022-இல் தடைசெய்யப்பட, 2023-இல் அதன் பரப்பு நூற்றுக்கு 95 வீதம் குறைந்தது. நஞ்சு குறைந்தது நன்றே. சலாம் கடனை எதைக்கொண்டு அடைப்பதென்று உழவனுக்கு எவரும் கூறவில்லை.

ஆறாம் வகுப்பிற்குமேல் பெண்களுக்குப் பள்ளிக்கதவு அடைக்கப்பட்டது. திறந்திருந்த பள்ளிகளிலும் ஆசிரியர்கள் பல மாதம் சம்பளமின்றிக் கற்பித்தனர். 2022-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம், அரசின் கையிற் கொடாமல், ஏறக்குறைய 1 இலட்சத்து 94 ஆயிரம் ஆசிரியர்களுக்குத் தானே பணம் வழங்கியது. ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் தலைக்கு மாதம் சுமார் 100 டாலர் பெறுமானம் கிடைத்தது.