விமானத் தாமதம்: 5,000 வெள்ளி வரை நீங்களே வழக்குத் தொடரலாம்

திரிங்காப்பிலிருந்து திருச்சிக்குப் புறப்படும் குடும்பம் காலை விமானம் என்றால் முதல் நாளே மலையிறங்க வேண்டும். அதன்பின் விமானம் தாமதமானால் என்ன கேட்கலாம்?

2016-இல் நடப்புக்கு வந்த மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, 2 மணி நேரத் தாமதத்துக்கு உணவு, தொலைபேசி, இணைய வசதி தர வேண்டும். 5 மணி நேரமாகி இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் போக்குவரத்தும் உண்டு. 2024 செப்டம்பர் 2 முதல், 5 மணி நேரத் தாமதத்துக்குப் பயணத்தைக் கைவிடுவோர் முழுக் கட்டணத்தையும் 30 நாளில் திரும்பப் பெறலாம்.

ஐரோப்பாவில் உள்ளதுபோல் நிர்ணயிக்கப்பட்ட இழப்பீட்டுத் தொகை இங்கில்லை. வாடகைக் கார், தவறவிட்ட அடுத்த விமானம் போன்ற செலவுகளைக் கேட்பவர் ரசீதுடன் நிரூபிக்க வேண்டும்.

1. முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகப் புகார் செய்க. பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு.

2. தீர்வு கிடைக்காவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் செய்யலாம். மாவ்கோம் பணிகள் 2025 ஆகஸ்டு 1 முதல் அதன் வசமே உள்ளன.

3. இழப்பு 5,000 வெள்ளிக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு தொடரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 198-ஆம் பாரத்தை நிரப்பித் தாக்கல் செய்க. எந்த ஊர் நீதிமன்றம் என்பதைப் பதிவகத்தில் முன்பே கேட்டுக்கொள்க.

அனைத்துலகப் பயணத்துக்கு மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். தாமதத்தைத் தவிர்க்க இயன்றதெல்லாம் செய்ததாக நிறுவனம் நிரூபித்தால் அது தப்பிக்கும். ஆகவே போர்டிங் பாஸ், தாமத அறிவிப்பு, ரசீதுகள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.