பாளையங்கோட்டையில் மருத்துவக் குறியீடும் மின்னணுப் பில்லிங்கும்

மருத்துவக் குறியீடு என்பது நோயாளிக்கு வந்த நோயையும் அவருக்குச் செய்த சிகிச்சையையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியாகப் பதிவது. அந்தக் குறியை ஆதாரமாகக் காட்டி, மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்திடமோ அரசுத் திட்டத்திடமோ கணினி வழியாகப் பணம் கோருவது மின்னணுப் பில்லிங். குறி தவறினால் பணம் வராது, அல்லது தாமதமாக வரும். நோய்க் கணக்கும் தப்பாகும். பின்னதைப் பற்றி மருத்துவமனைகள் அதிகம் கவலைப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பொருளைப் பாளையங்கோட்டையை வைத்து விளக்கக் காரணம் உண்டு. அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் இங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் மருத்துவமனையைத்தான் ஊர்மக்கள் 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி' என்கிறார்கள். தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஆக, ஒரே ஊரில் இரண்டு மருத்துவ முறைகள். ஒன்றின் நோய்ப் பட்டியலுக்கு நூற்றாண்டு கடந்த சர்வதேச வரலாறு உண்டு. மற்றது அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தே சில ஆண்டுகள்தான் ஆகின்றன.

பட்டியலின் வரலாறு

பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் 1893இல் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து இன்றைய சர்வதேச நோய் வகைப்பாடு வளர்ந்தது. சுருக்கமாக ஐசிடி என்பார்கள். 1948இல் ஆறாம் பதிப்பிலிருந்து உலக சுகாதார நிறுவனம் அதைப் பொறுப்பேற்றது. பத்தாம் பதிப்பு 1990இல் ஒப்புதல் பெற்றது. இந்திய மருத்துவமனைகளின் பதிவேட்டுத் துறைகளில் நெடுங்காலமாகப் பழகியது இதுதான். பதினோராம் பதிப்பை உலக சுகாதாரப் பேரவை 2019 மே மாதம் ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முந்தைய பதிப்புகள் அச்சுப் புத்தகமாகப் பிறந்து பிறகு கணினிக்குப் போனவை. பதினோராம் பதிப்பு கணினிக்கென்றே கட்டப்பட்டது.

நோய்க்கு ஒரு பட்டியல் என்றால் சிகிச்சைக்கும் விலைக்கும் வேறு பட்டியல்கள். அமெரிக்காவில் சிகிச்சைக் குறிகளுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் வெளியிட்ட சிபிடி பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவில் அப்படி நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் கிடையாது. பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துக்கு, இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு தொகை என்று வகுத்த ஒரு தொகுப்புப் பட்டியல், தனியார் காப்பீட்டுப் படிவத்துக்கு ஒரு முறை, மாநிலத் திட்டத்துக்கு இன்னொன்று. குழப்பத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது.

கேஸ் ஷீட்டிலிருந்து குறி வரை

தாமிரபரணிப் பாசன வயல்களில் பாம்புக்கடி புதிதல்ல. வயலில் கடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் பதிப்பின்படி பாம்பு நஞ்சுக்கு டி 63.0 என்ற குறி. நச்சுப் பாம்பு தீண்டியதால் நேர்ந்தது என்பதற்கு எக்ஸ் 20. அதோடு ஒரு புள்ளியும் 7 என்ற எண்ணும் சேர்த்தால் சம்பவம் நடந்த இடம் விவசாய நிலம் என்று பொருள். மருத்துவர் கேஸ் ஷீட்டில் பாம்பு என்றும் வயல் என்றும் எழுதியிருந்தால் பதிவேட்டு ஊழியர் இவ்வளவையும் பதிந்துவிடலாம். 'அன்நோன் பைட்' என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டால்? இன்ன உயிரினம் என்று தெரியாத நச்சுக்கடி என்ற பொதுக் கணக்கில், டி 63.9 என்று அது போய்ச் சேரும். கொடுத்த விஷமுறிவு மருந்தும் நோயாளி தங்கிய நாட்களும் மாறவில்லை. ஆனால் காகிதத்தில் பாம்பு இல்லை. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக ஆக்கிய பிறகு, இந்த இரண்டு சொல் சோம்பலுக்கு விலை கூடியிருக்கிறது.

இறப்புச் சான்றிதழிலும் இதே கதைதான். 'இதயத் துடிப்பு நின்றது' என்று எழுதுவது எவருடைய இறப்புக்கும் பொருந்தும். அதனால் எதையும் சொல்வதில்லை. துடிப்பை நிறுத்திய நோய் எது என்பதைத்தான் படிவம் கேட்கிறது.

காப்பீட்டு அட்டையும் தொகுப்புகளும்

தமிழ்நாட்டில் மின்னணுப் பில்லிங்கைப் பரவலாக்கியது தனியார் காப்பீடு அல்ல, அரசுத் திட்டம். 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. 2018 செப்டம்பரில் அது மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு.

அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தானே, அங்கே எதற்குப் பில் என்று கேட்கலாம். அட்டை வைத்திருப்பவருக்குத் திட்டத்தில் உள்ள சிகிச்சையைச் செய்தால், அதற்கான தொகை அரசு மருத்துவமனைக்கும் வருகிறது. கருவி வாங்கவும் வசதி பெருக்கவும் அது உதவுகிறது. அந்தத் தொகை வர, அட்டையைச் சரிபார்க்க வேண்டும், முன் அனுமதி கேட்க வேண்டும், பொருத்தமான தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஸ்கேனையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஏற்ற வேண்டும். சம்மரியில் ஒரு நோயும் முன் அனுமதியில் வேறொரு நோயும் இருந்தால், பணக் கோரிக்கை, அதாவது க்ளைம், கேள்வியோடு திரும்பி வரும்.

தொகுப்புப் பட்டியல்களும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மத்திய அரசின் திட்டத்தில் 2022 பட்டியலோடு சிகிச்சைகளின் எண்ணிக்கை 1,949 ஆனது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை தரும் மாநிலத் திட்டம் 2021 டிசம்பரில் 81 சிகிச்சை முறைகளோடு தனியாக வந்தது. பில்லிங் கவுண்டரில் இருப்பவர் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு புதிய நோயாளிக்குப் பில் போட்டால் நஷ்டம் மருத்துவமனைக்குத்தான்.

தனியார் மருத்துவமனைகளுக்கு நெருக்கடி வேறு திசையிலிருந்து வருகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுப் படிவத்தில் மருத்துவமனை நிரப்ப வேண்டிய இரண்டாம் பகுதியிலேயே ஐசிடி குறிகளுக்குக் கட்டங்கள் உண்டு. 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலுக்கு 3 மணி நேரத்திலும் பதில் தர வேண்டும். கெடு நிறுவனத்துக்குத்தான். ஆனால் அரைகுறையான கோப்பை அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதில் பயனில்லை. தேசிய சுகாதார ஆணையமும் காப்பீட்டு ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய தேசியக் க்ளைம் பரிமாற்றத் தளம், எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வடிவத்தில் க்ளைம் அனுப்ப வழிசெய்கிறது. கோப்பை ஸ்கேன் எடுத்து ஏற்றும் பழக்கம் அதற்குப் போதாது. நோய், சிகிச்சை, மருந்து, தொகை என்று ஒவ்வொரு விவரமும் தனித்தனித் தரவாகப் போக வேண்டும்.

தயாரிப்பு

ஐசிடியின் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாற எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். பத்தாம் பதிப்புக்கு மாற அங்கே முதலில் குறித்த நாள் 2013 அக்டோபர் 1. அது 2014க்குத் தள்ளிப்போய், கடைசியில் 2015 அக்டோபர் 1 அன்று நடந்தது. நோய்க் குறிகள் ஏறத்தாழ 14,000இலிருந்து 69,000 ஆகப் பெருகின. அதற்கு முன்பே, 2012இல், பில் போகும் மின்னணு வடிவத்தையே மாற்றினார்கள். பழைய வடிவத்தில் புதிய நீளமான குறிகளுக்கு இடம் இல்லை. குழாயை முதலில் அகலப்படுத்திவிட்டுத் தண்ணீரைத் திறந்த இந்த வரிசை சரியானது. 2015இல் மருத்துவமனைகளை மாதிரிப் பில்கள் அனுப்பச் சொல்லி முழு ஓட்டமும் சோதித்தார்கள்.

இங்குள்ள மருத்துவமனைகள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாக்குகின்றன. முதலில் மென்பொருள் வாங்குகிறார்கள், பிறகு ஆள் தேடுகிறார்கள், கேஸ் ஷீட்டைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். தயாரிப்பு எழுதும் கையில் தொடங்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன்களுக்கு முழு நோயறிதலை எழுதப் பழக்கினால் அதுவே பெரும்பகுதி வேலை. அடுத்தது, அந்த மருத்துவமனையில் அதிகம் வரும் நோய்களுக்குப் பழைய குறி, புதிய குறி, திட்டத்தின் தொகுப்பு எண் மூன்றையும் அருகருகே வைத்த ஓர் அட்டவணை. சில மாதங்கள் இரண்டு பதிப்பிலும் சேர்த்துக் குறியிட்டுப் பார்ப்பதும், திரும்பி வந்த க்ளைம்களைக் காரணவாரியாகப் பிரித்து மருத்துவரிடமே காட்டுவதும் செலவில்லாத வேலைகள். நோயாளியின் தரவு பல கைகளுக்குப் போவதால், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆள் இல்லை என்பது பாளையங்கோட்டையில் சொல்லக் கூடாத காரணம். கல்லூரிகளுக்குப் பேர்போன இந்த ஊரில் உயிர்வேதியியலும் நர்சிங்கும் பிசியோதெரபியும் படித்தவர்கள் மெடிக்கல் கோடிங் பயிற்சி முடித்துச் சென்னைக்குப் போகிறார்கள். அங்கே உட்கார்ந்து அமெரிக்க நோயாளியின் முழங்கால் அறுவைக்குக் குறியிடுகிறார்கள். சொந்த ஊர் மருத்துவமனையில் அதே வேலையை, பயிற்சி இல்லாத பில்லிங் ஊழியர் மற்ற வேலைகளுக்கு நடுவே பார்க்கிறார். சம்பள வித்தியாசம்தான் காரணம் என்பது தெரிந்ததே. ஆனால் திரும்பி வரும் க்ளைம்களின் தொகையையும் ஒரு கோடரின் சம்பளத்தையும் அருகருகே எழுதிப் பார்த்த நிர்வாகிகள் குறைவு.

சித்த மருத்துவத்தின் இடம்

அரசு சித்த மருத்துவமனையில் க்ளைம் என்ற தொல்லை பெரிதாக இருந்ததில்லை. ஆகவே குறியீட்டுக்கும் அவசரம் வரவில்லை. நிலைமை இரண்டு பக்கமிருந்து மாறியது. 2017இல் ஆயுஷ் அமைச்சகம் 'நமஸ்தே' தளத்தைத் திறந்து, சித்த நோய்ப் பெயர்களுக்கும் தேசியக் குறிகளைக் கொடுத்தது. 2024 ஜனவரி 10 அன்று ஐசிடி-11இன் பாரம்பரிய மருத்துவ அத்தியாயத்துக்கான இரண்டாம் தொகுதி டெல்லியில் வெளியானது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அதில் இடம்பெற்றன. முதல் தொகுதி சீன, ஜப்பான், கொரிய மரபுகளுக்கானது. அதே மாதக் கடைசியில், ஆயுஷ் சிகிச்சையை மற்றச் சிகிச்சைகளுக்கு இணையாக நடத்துமாறு காப்பீட்டு ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். பாரம்பரிய அத்தியாயத்தின் குறி தனியே நிற்கக் கூடாது. பொது அத்தியாயத்தின் குறி ஒன்றும் உடன் வர வேண்டும். இறப்புக் காரணத்துக்கு அதைப் பயன்படுத்தவும் கூடாது. அழல் கீல்வாயு என்று சித்த மருத்துவர் கண்டறிந்தால், அதற்குரிய பாரம்பரியக் குறியோடு, முழங்கால் தேய்மானத்துக்கான எஃப்ஏ 01 என்ற குறியும் பதிவாகும். பத்தாம் பதிப்பில் அது எம் 17. இதனால் சித்த மருத்துவர் எக்ஸ்ரே அறிக்கையையும் நாடிக் குறிப்பையும் ஒரே தாளில் எழுத வேண்டியிருக்கிறது. இதைச் சுமை என்று சொல்வோர் உண்டு. ஆனால் சித்தத்தில் இத்தனை மூட்டு நோயாளிகள் இப்படிக் குணம் கண்டார்கள் என்று வெளியுலகுக்குக் காட்ட இந்த இரட்டைப் பதிவைவிட நேரான வழி எதுவும் இல்லை. கல்லூரியும் மருத்துவமனையும் சேர்ந்தே இருக்கும் பாளையங்கோட்டை அதைத் தொடங்கப் பொருத்தமான இடம்.

நோய்க்கு எண் வந்துவிட்டாலும் சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. தொக்கணம், ஒற்றடம், வர்மம் போன்றவற்றுக்குச் சர்வதேசச் சிகிச்சை வகைப்பாட்டில் தனித் தொகுதி அமைக்க ஆயுஷ் அமைச்சகமும் உலக சுகாதார நிறுவனமும் 2025 மே 24 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்தத் தொகுதி வெளிவரும் வரை, சித்த மருத்துவமனையின் பில்லில் நோய் சர்வதேசக் குறியிலும் சிகிச்சை தமிழ்ப் பெயரிலுமே இருக்கும்.