விழித்திரையும் குடிவழியும்

நீரிழிவை நம் நாட்டுப் பழைய மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தனர். சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கொண்டே அதன் இனிப்பை உணர்ந்தனர். ஆயினும் அந்நோய் விழியின் உட்புறத்தே விளைக்கும் கேட்டைக் காண ஒரு கருவி தேவைப்பட்டது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1851-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். கண்ணுக்குள் ஒளி செலுத்தி விழித்திரையை நோக்கும் அக்கருவியின் துணையால், நான்கே ஆண்டுகளில் வியன்னாவில் எட்வர்ட் யேகர், நீரிழிவுற்றோர் விழித்திரையில் மஞ்சட் புள்ளிகளைக் கண்டு எழுதினார். நீரிழிவே அதற்குக் காரணம் என்பதை அக்காலத்தார் பலர் ஏற்கவில்லை.

1922-இல் டொராண்டோ நகரில் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. முன்பு விரைவில் மாண்டுபோன இளைஞர்கள் பல்லாண்டு வாழலாயினர். அங்ஙனம் நெடிது வாழ்ந்தமையாலேயே அவர்களுட் பலருக்குக் கண் கெட்டது. இங்கே ஒரு வினா எழுந்தது. ஒத்த காலம் ஒத்த அளவு சர்க்கரையோடு வாழ்ந்த இருவருள் ஒருவர் பார்வை இழக்க, மற்றவர் தப்புவது எவ்வாறு?

லண்டனில் டேவிட் பைக்கும் அவருடைய உடனாய்வாளரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரை ஆராய்ந்து, 1982-இல் முடிவை வெளியிட்டனர். நீரிழிவு இருவருக்கும் உள்ள இணைகளிற் பெரும்பாலானவற்றில் இருவர் விழித்திரையும் ஒரே நிலையில் இருந்தன. ஒரே அடுப்பில் உண்டு வளர்ந்தவர்தாமே என்று நாம் ஐயுறலாம், ஐயம் முறையானதே. ஆனால் சென்னை ஆய்வாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வும் அதே திசையைக் காட்டிற்று. விழித்திரை நோயுற்றவரின் உடன்பிறந்தாருக்கு நீரிழிவு இருப்பின், அவர்க்கும் கண்ணோய் காணும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

எந்த மரபணு குற்றவாளி? சர்க்கரையைச் சார்பிட்டாலாக மாற்றும் நொதியின் மரபணுவை முதலில் ஐயுற்றனர். புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்யும் புரதத்தின் மரபணுவை அடுத்து ஆராய்ந்தனர். ஓரினத்தாரிடம் கண்ட தொடர்பு வேறோரினத்தாரிடம் பலமுறை காணாமற் போயிற்று. கள்வன் ஒருவன் அல்லன். சிறு கையாட்கள் பலர் என்றே நாம் கருத வேண்டியுள்ளது.

குடிவழியே முடிவு என்று எண்ணிவிடவும் இயலாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்து 1993-இல் வெளியான பேராய்வில், கண்ணோய் இன்றித் தொடங்கியவர்களுட் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியோர்க்கு அந்நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. அவ்வாய்வில் இருந்தோரின் நீரிழிவுற்ற உறவினரையும் ஆராய்ந்தபோது, கடும் கண்ணோய் குடும்பந்தோறும் திரண்டு நிற்பது 1997-இல் தெரியவந்தது. அண்ணன் விழித்திரையில் புள்ளி கண்ட மருத்துவர், தம்பிக்கும் நீரிழிவு உண்டா என வினவுவது இதனாலேயே.