வெதுவெதுப்பு

வெம்மை, வெந்நீர், வெதும்பல் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. இலங்கைத் தமிழில் பேக்கரிக்கு ‘வெதுப்பகம்’ என்ற அழகான பெயர் உண்டு. ‘வெது’வை இரட்டித்து ‘வெதுவெதுப்பு’ என்றதும் சூடு பாதியாகிவிடுகிறது. கைக்குழந்தையைக் குளிப்பாட்ட ஏற்ற பதம், காப்பிக்கு ஆகாது.

தமிழ் வேதாகமத்தில் லவோதிக்கேயா சபையைக் கண்டிக்க (வெளிப்படுத்தின விசேஷம் 3:16) வரும் சொல் இது. கிரேக்க மூலம் ‘க்ளியாரோஸ்’. புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில்தான் உண்டு. ‘நீ குளிருமல்ல, அனலுமல்ல’ என்பதே கண்டிப்பு. அனல் என்றால் பக்தி, குளிர் என்றால் அவிசுவாசம் என்று பிரசங்கங்களில் பிரிப்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. குளிராகவாவது இருந்திருக்கலாமே என்பதுதானே அங்கே ஆதங்கம்?

ஊரைப் பார்த்தால் விளங்கும். இன்றைய துருக்கியில், பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள். இன்னொரு பக்கம் கொலோசெயின் குளிர்ந்த நீர். லவோதிக்கேயாவுக்கோ குழாய்த் தண்ணீர். சுண்ணாம்பு படிந்து தூர்ந்த குழாய்களை இடிபாடுகளில் இன்றும் காணலாம். வெந்நீர் உடல்வலிக்கு, குளிர்நீர் தாகத்துக்கு. இரண்டுமற்றது வாயில் குமட்டும்.

கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் விழுந்து, ரோமின் உதவியின்றித் தன் பணத்தில் எழுந்த ஊர் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸ். ‘எனக்கென்ன குறை’ என்ற மிதப்பு வராமலா இருக்கும்?

அனலைக் குறிக்கும் ‘ஸெஸ்டோஸ்’, கொதித்தல் என்ற வினையில் பிறந்தது. ரோமருக்கு எழுதும்போது ஆவியின் அனலுக்குப் பவுல் எடுப்பதும் அதே வினைதான். வெளிப்படுத்தலின் அதே அதிகாரத்தில், இயேசு கதவைத் தட்டி, உள்ளே வந்து உடன் உண்ணும் அழைப்பு (3:20) வெளியாருக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது சொல்லப்பட்டது இந்த வெதுவெதுப்பான சபைக்குத்தான்.