தலைநிமிர்ந்த தமிழர் யார்?

சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளி விழாக்களில் நாமக்கல் கவிஞரின் பாட்டைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் குறைவு. மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை 1930இல் வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர். 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். தமிழர் தனிச்சிறப்புள்ள இனம், தலைகுனியாமல் வாழ வேண்டியவர்கள் என்று அவர் பாடியதை நாமும் கைதட்டிப் பாடியிருக்கிறோம்.

அதே நாமக்கல் மாவட்டத்தில்தான் திருச்செங்கோடு இருக்கிறது. 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற தலித் பொறியியல் பட்டதாரி, வேறு சாதியைச் சேர்ந்த தோழியுடன் அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கொன்றவர்களும் தமிழர்கள், கொல்லப்பட்டவரும் தமிழர். இதில் தலைநிமிர உரிமை பெற்ற தமிழர் யார்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. மனிதர் அனைவரும் சமம் என்று 1776இல் அறிவித்து, உலகில் தங்களைப் போல் ஒரு நாடில்லை என்று அமெரிக்கர்கள் இன்றும் பெருமை பேசுகிறார்கள். அந்த அறிக்கையை எழுதிய ஜெபர்சனே நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ், 1852இல் ராச்செஸ்டர் நகர மேடையில் ஏறி, உங்கள் சுதந்திர நாளில் அடிமைக்கு என்ன பங்கு என்று கேட்டார். அவர் அந்த அறிக்கையைக் கிழித்தெறியவில்லை. எழுதியபடி நடந்துகொள்ளுங்கள் என்றார். 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்த அண்ணல் அம்பேத்கர், 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டிருந்தார். இரு பக்கத்துக் காயமும் ஒன்றே என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பெருமைக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்தைச் சொல்கிறவர்கள், அதே கோயிலின் கல்வெட்டுகளில் 'தீண்டாச்சேரி', 'பறைச்சேரி' என்று பொறித்திருப்பதைச் சொல்வதில்லை. 1,000 ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு. இன்று அந்தச் சேரிக்குக் காலனி என்று பெயர்.

தோழர்களே, தமிழர் என்ற பெருமையை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழ் நம் மொழியும்தான். அடுத்த முறை கல்லூரி மேடையில் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னால் பாடுங்கள். பாடி முடித்ததும் கோகுல்ராஜின் பெயரைச் சொல்லுங்கள். அப்போது அரங்கில் யார் கைதட்டுகிறார்கள், யார் தலைகுனிகிறார்கள் என்று பாருங்கள். ஆணவக் கொலைகளுக்கு எதிரான போராட்டத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.