காலா கோடா: அரசன் இல்லாத குதிரை

"குதிரை மேல ஏன் ஆளில்லை?" என்று ஒரு சிறுவன் தந்தையிடம் இந்தியில் கேட்டான். தந்தையிடம் விடை இல்லை. மும்பைக் காலா கோடா கலைவிழாவின் ஒரு மாலை அது. ராம்பார்ட் ரோவில் வாகனங்களுக்குப் பதில் மனிதத் தலைகள். சாலை நடுவே ஆளுயரக் கலைப்படைப்புகள், அவற்றின்முன் படமெடுத்துக்கொள்ள நீளும் வரிசை. 1999இல் தொடங்கிய இவ்விழா குளிர்காலக் கடைசியில் ஒன்பது நாள்கள் நடைபெறுவது.

சிறுவனின் கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடியவர், இளவரசராக 1875இல் பம்பாய்க்கு வந்தார். அதன் நினைவாக ஆல்பர்ட் சசூன் என்னும் யூத வணிகர் அளித்த சிலை, 1879இல் இங்கு நிறுவப்பட்டது. குதிரைமேல் அமர்ந்த இளவரசர். மக்களோ இளவரசரை விட்டுவிட்டுக் குதிரையைப் பிடித்துக்கொண்டனர்; இடத்திற்குக் 'கருங்குதிரை' என்றே பெயரிட்டனர். 1965இல் சிலை பெயர்க்கப்பட்டுப் பைகுல்லா உயிரியல் பூங்காவுக்குச் சென்றது. பெயர் மட்டும் போகவில்லை. 2017இல் புதுச்சிலை வைத்தபோது, மக்கள் வழக்கை மதித்ததுபோல் குதிரையை மட்டுமே வைத்தனர். ஆணையிட்டு வைக்கும் பெயரைவிட வாய்வழிப் பெயருக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்தெருவுக்குக் கலை புதிதன்று. சற்றுத் தள்ளியுள்ள வாட்சன் விடுதியில்தான் 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டன. ஜஹாங்கீர் கலைக்கூடம் 1952இல் திறக்கப்பட்டது. ஆயினும் இத்தெருவை இலக்கியமாக்கியவர், மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அருண் கொலாட்கர். இங்கிருந்த 'வேசைட் இன்' உணவகத்தில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். 2004இல், அவர் மறைந்த அதே ஆண்டில், 'காலா கோடா பொயம்ஸ்' வெளிவந்தது. அதில் அரசரோ வணிகரோ நாயகர் அல்லர். தெருநாயும் துப்புரவுப் பெண்ணும் நடைபாதைவாசிகளுமே நாயகர்கள். காலை உணவு குறித்த நெடுங்கவிதையில், இட்லி விற்கும் பெண்ணொருத்தியைச் சுற்றி அத்தெருவின் ஏழைகள் கூடுகிறார்கள். நம் இட்லி மராத்தியக் கவிஞரின் ஆங்கிலக் கவிதையில் பசியாற்றுவதைப் படித்தபோது எனக்கேற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

விழாவைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பெருநகரத்தில் கட்டணமின்றிக் கலையைத் தெருவுக்குக் கொண்டுவருவது எளிய செயலா என்ன? ஆனால், பார்க்க வந்த நாம் படைப்புகளைப் பார்க்கிறோம். கொலாட்கர் தெருவைப் பார்த்தார். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கூட்டம் சர்ச்கேட் நிலையம் நோக்கிக் கலைந்தது. அதுவரை எங்கிருந்தார் என்று தெரியாத முதியவர் ஒருவர், கடைக்காரர்கள் விட்டுச்சென்ற அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து நடைபாதையில் விரித்தார். மாலை முழுவதும் அத்தெருவில் நின்றிருந்தும் நான் அவரைப் பார்த்திருக்கவில்லை.